கணினிக்குள் ஒரு விலாசக் குறிப்பேடு

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் உறவினர்களுக்கு இடப்பெயரை அடையாக்கி வழங்குவது பழகிப் போன வழக்கம். 'மாட்டுங்கா மாமா' என்றும், 'கரோல்பாக் சித்தி' என்றும், 'லேக் மார்க்கெட் பெரியப்பா' என்றும் வீட்டுக்குள் பேசிக்கொள்கிறோம். இப்பெயர்களைத் தபால்காரர் அறியார். அண்டை வீட்டாரும் அறியார். நம் வீட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினால் மட்டுமே இந்தப் பெயருக்கு இந்தக் கதவிலக்கம் என்பது விளங்கும். இவ்வாறே ஒவ்வொரு கணினியின் உள்ளேயும், அந்தக் கணினிக்கு மட்டுமே செல்லுபடியாகும் சிறு விலாசக் குறிப்பேடு ஒன்று உள்ளது. அதற்கு 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு என்று பெயர்.

பொறியியல் பயின்றோர்க்கு மட்டுமே உரிய செய்தி இது என்று வாசகர்கள் தள்ளிவிடலாகாது. இன்று நம் இல்லங்களில் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதும், கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ உள்ள வங்கிக் கிளையின் பணத்தைத் தில்லியில் அமர்ந்தவாறே எடுத்தாள்வதும், ஊருக்குச் செல்ல இரயில் சீட்டுப் பதிவு செய்வதும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்துவதும் கணினி வழியே நடைபெறுகின்றன. அக்குறிப்பேட்டில் யாரேனும் ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டால், வங்கியின் வாயிற்படி என்று நினைத்து வேறொருவர் வீட்டுக்குள் நாம் நுழைந்துவிடக்கூடும். ஆதலின் அக்கோப்பு யாது, எங்குள்ளது, அதை எவ்வாறு பார்ப்பது என்னும் மூன்றையும் வீட்டில் ஒருவரேனும் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

பெயரும் எண்ணும்

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. பெரிதும் வழங்கிவரும் முறையில் அவ்வெண் நான்கு பகுதிகளாகப் புள்ளியிட்டு எழுதப்படும்; ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வகையில் அமையக்கூடிய விலாசங்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 ஆகும். உலகின் தேவைக்கு இது போதாமற்போகவே, இதனினும் நீண்ட எண்களைக் கொண்ட ஆறாம் பதிப்பு விலாச முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது.

எண்களை நினைவில் வைப்பது கணினிக்கு எளிது, மனிதர்க்கு அரிது. நாம் பெயர்களையே விரும்புகிறோம். வங்கியின் பெயரைத் தட்டினால் அப்பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுள்ள கணினியோடு நம்மைச் சேர்த்து வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாட்டின் மிகப் பழைய வடிவமே ஹோஸ்ட்ஸ் கோப்பு. 'ஹோஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் விருந்தளிப்பவனைக் குறிப்பது. பலர் வந்து பயன்படுத்திக்கொள்ள இடங்கொடுத்த பெரிய கணினிகளை அந்நாளைய அறிஞர்கள் இப்பெயரால் அழைத்தனர். அவ்விருந்தாளர்களின் பெயர்ப் பட்டியல் என்பதே இக்கோப்புப் பெயரின் பொருள்.

ஒரே ஏட்டில் உலகம் அடங்கிய காலம்

இணையத்தின் முன்னோடியாகிய 'அர்ப்பாநெட்' 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா ஆகிய இடங்களிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள், யூட்டா பல்கலைக்கழகம், மென்லோ பார்க் என்னும் ஊரிலிருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் ஆகியன அந்நான்கு. இணைந்த கணினிகள் பெருகப் பெருக, ஒரே கணினியை ஓரிடத்தார் ஒரு பெயராலும் மற்றோரிடத்தார் வேறு பெயராலும் அழைக்கத் தொடங்கினர். எல்லோரும் ஒரே வகையான பெயர்களைக் கையாள வேண்டுமென்று 1971-இல் பெகி கார்ப் என்னும் பெண்மணி ஒரு குறிப்பு எழுதினார். அதனைத் தொடர்ந்து, 1974-ஆம் ஆண்டளவில், அனைவருக்கும் பொதுவான ஒரே பட்டியலை ஸ்டான்போர்டு நிலையமே வைத்துக் காப்பது என்று முடிவாயிற்று.

அப்பட்டியலைக் காத்து வந்த தகவல் நிலையத்துக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார். எங்கேனும் புதிய கணினி ஒன்று இணைந்தால், அதன் பொறுப்பாளர் அச்செய்தியை அந்நிலையத்துக்கு மின்னஞ்சலில் அறிவிப்பார். அங்குள்ளோர் வாரத்துக்கு ஓரிரு முறை பட்டியலைத் திருத்தி வெளியிடுவர். ஏனையோர் அப்புதிய பட்டியலை அவ்வப்போது தத்தம் கணினிக்குப் படியெடுத்துக்கொள்வர். ஓர் ஊரார் அனைவரின் விலாசமும் கிராம முன்சீப்பின் ஒரே ஏட்டில் அடங்கியிருந்த நிலைக்கு இதனை ஒப்பிடலாம். ஊர் சிறிதாயிருந்தவரை ஏடும் போதுமானதாயிருந்தது.

கணினிகள் சில நூறாகப் பெருகியபோது இம்முறை தளர்ந்தது. அனைவரும் ஒரே இடத்திலிருந்து பட்டியலை எடுக்க முற்பட்டதால் அந்நிலையத்தின் சுமை ஏறியது. இருவர் ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டு குழப்பம் விளைத்தனர். பட்டியல் கடைக்கோடியை அடைவதற்குள் விலாசங்கள் மாறிப்போயின. இதற்குத் தீர்வாக, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகவலியல் நிலையத்தில் பணியாற்றிய பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் 1983-இல் புதிய திட்டமொன்றை வகுத்தார். ஒரே ஏட்டில் எல்லாவற்றையும் எழுதாமல், ஒவ்வொரு பகுதியின் பெயர்களையும் அப்பகுதியாரே வைத்துக் காக்கும் முறை அது. அதுவே 'டி.என்.எஸ்.' என இன்று வழங்கும் பெயர் முறை. இன்று நாம் ஒரு பெயரைத் தட்டியதும், அப்பெயரின் கடைசிப் பகுதியை யார் காக்கின்றனர் என்று தலைமை நிலையத்தையும், அதற்கு முந்திய பகுதியை அவரிடத்தும், இவ்வாறு படிப்படியாகக் கேட்டு எண் கண்டறியப்படுகிறது. ஒருமுறை அறிந்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் அத்தனை படிகளையும் ஏறவேண்டியதில்லை.

புதிய முறை வந்தபின்னும் பழைய கோப்பு மறைந்துவிடவில்லை. வெளியே கேட்பதற்கு முன் வீட்டுக் குறிப்பேட்டைப் பார்க்கும் வழக்கத்தைக் கணினிகள் இன்றும் கைவிடவில்லை. அதில் விடை இருந்தால் அத்துடன் அமைதியுறும், வெளியே கேட்பதேயில்லை. இக்கோப்பின் பயனுக்கும் அபாயத்துக்கும் இவ்வொரு குணமே காரணமாகும்.

கோப்பு இருக்குமிடம்

நம் வீடுகளில் பெரிதும் காணப்படும் விண்டோஸ் கணினிகளில் இக்கோப்பு ஆழத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. முதலில் 'சி' என்ற தட்டைத் திறக்க வேண்டும். அதில் 'விண்டோஸ்' என்ற உறை, அதனுள் 'சிஸ்டம் 32', அதனுள் 'டிரைவர்ஸ்', அதனுள் ஆங்கிலத்தில் இ, டி, சி என்னும் மூன்றெழுத்தைப் பெயராகவுடைய உறை. 'யூனிக்ஸ்' என்ற பழைய இயங்குதளத்தில் இத்தகைய கோப்புகளுக்கு இடமாயிருந்த உறையின் பெயரே இங்கும் தொடர்கிறது. அவ்வுறையில் 'ஹோஸ்ட்ஸ்', 'நெட்வொர்க்ஸ்', 'புரோட்டோகால்', 'சர்வீசஸ்' என்ற கோப்புகளும், மாதிரிக்கென வைத்த 'எல்.எம்.ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பும் காணப்படும். நமக்கு வேண்டியது முதலாவது. எச், ஓ, எஸ், டி, எஸ் என்ற ஐந்தெழுத்துடன் பெயர் முடிந்துவிட வேண்டும். புள்ளியும் வால் எழுத்தும் இருத்தலாகாது. அதே பெயரில் வாலெழுத்துடன் வேறொரு கோப்பு இருப்பின் அதனைக் கணினி பொருட்படுத்துவதில்லை.

மாக் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் தேடல் இன்னும் சுருக்கம். தலைமை உறையிலேயே அம்மூன்றெழுத்து உறை உள்ளது. அதனுள் ஹோஸ்ட்ஸ் கோப்பு. மாக் கணினியில் அவ்வுறை கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். 'கோ' என்ற பட்டியலில் 'கோ டு ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்து, அவ்வழியை எழுதினால் திறக்கும். கைபேசிகளிலும் இதையொத்த கோப்பு இருப்பினும், அதனைத் திருத்த அவை சாதாரணமாக இடந்தருவதில்லை.

கோப்பைப் படித்துப் பார்ப்பதற்குத் தனி அதிகாரம் எதுவும் தேவையில்லை. விண்டோஸில் அக்கோப்பின்மேல் இருமுறை சொடுக்கினால், எதைக்கொண்டு திறப்பது என்று கணினி கேட்கும். 'நோட்பேட்' என்பதைத் தேர்ந்தால் போதும். திருத்துவதற்குத்தான் நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். அதற்கு நோட்பேடின் பெயர்மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்து, பின்னர் அதற்குள்ளிருந்து கோப்பைத் திறக்க வேண்டும். அவ்வாறு திறக்கும்போது உறை காலியாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். நோட்பேட் தனக்குரிய வாலெழுத்துள்ள கோப்புகளை மட்டுமே காட்டும் இயல்புடையது. கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் கோப்பு தென்படும்.

உள்ளே எழுதியிருப்பது என்ன?

புதிய விண்டோஸ் கணினியில் இக்கோப்பைத் திறந்தால் ஏறக்குறைய இருபது வரிகள் காணப்படும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'ஹாஷ்' என்னும் குறி, அதாவது இரண்டு குறுக்குக் கோடுகளும் இரண்டு நெடுக்குக் கோடுகளும் சேர்ந்த குறி இருக்கும். அக்குறியால் தொடங்கும் வரி மனிதர் படிப்பதற்கான விளக்கமே. கணினி அதனைக் கண்டுகொள்ளாது. அவ்விளக்கத்தில் எடுத்துக்காட்டாக 'ரைனோ', அதாவது காண்டாமிருகம், என்ற பெயருடைய கணினி ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கும். அதனைப் பகைவர் வேலை என்று எண்ணிவிட வேண்டாம்.

உண்மையான பதிவு ஒன்று மிக எளியது. முதலில் எண்; பின் இடைவெளி; பின் பெயர். '127.0.0.1' என்ற எண்ணும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரும் சேர்ந்த பதிவு பல கணினிகளில் இருக்கும். 127.0.0.1 என்பது எந்தக் கணினியில் எழுதப்பட்டதோ அந்தக் கணினியையே குறிக்கும் சிறப்பு எண். 'நான்' என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்வதைப் போன்றது. ஆறாம் பதிப்பு முறையில் இதே பொருளை இரண்டு முக்காற்புள்ளிகளும் ஒன்று என்ற எண்ணும் சேர்ந்து தரும். இவை தீங்கற்றவை, அழிக்கத்தக்கவை அல்ல.

இதனால் விளையும் நன்மைகள்

இணையதளம் அமைப்போர், புதிய தளத்தை ஊருக்கு அறிவிக்குமுன் தம் கணினியில் மட்டும் அதனைத் திறந்து சோதிக்க இக்கோப்பைக் கையாள்கின்றனர். அலுவலகங்கள் சில, உள்வட்டத்தில் மட்டும் வழங்கும் கணினிகளின் பெயர்களை இதில் எழுதி வைக்கின்றன. வீட்டில், பிள்ளைகளின் படிப்பு நேரத்தைத் தின்னும் தளமொன்றின் பெயருக்கு நேரே 0.0.0.0 என்ற எண்ணை எழுதினால், போக்கிடமின்றி அத்தளம் திறவாமற் போகும்.

இவ்வுபயோகத்தின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். இக்கோப்பில் முழுப்பெயரை எழுத வேண்டும். ஒரு பெயரை எழுதிவிட்டு அதன் கிளைப்பெயர்கள் அனைத்தும் அடங்கும் என்று கருத முடியாது. முன்னால் மூன்று 'டபிள்யூ' உள்ள பெயரும் இல்லாத பெயரும் இரு வேறு பெயர்களாகும். ஒரு தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கவும் வழியில்லை. மேலும் இக்கட்டளை அந்த ஒரு கணினிக்கு மட்டுமே. பையிலுள்ள கைபேசி அதற்குக் கீழ்ப்படியாது. ஆகவே பிள்ளைகளை நெறிப்படுத்தும் பொறுப்பை இக்கோப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வாளாவிருத்தல் இயலாது.

தமிழ் எழுத்தில் அமைந்த இணையப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் இன்று இணையத்தில் உள்ளன. ஆயினும் பெயர் முறையின் உள்ளே அவை ரோமன் எழுத்து வடிவமாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அம்மாற்றுருவத்தையே எழுத வேண்டும். தமிழில் எழுதினால் பலிக்காது.

இதனால் விளையும் கேடு

மற்றவர் சொல்லைக் கேளாமல் தன் குறிப்பேட்டை மட்டும் நம்பும் குணம் தீயோர்க்கு வாய்ப்பாயிற்று. 2004-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பரவிய 'மைடூம்' என்ற நச்சு நிரலின் இரண்டாம் வடிவம், புகுந்த கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நச்சு தடுப்பு நிறுவனங்களின் பெயர்களையும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயர்களையும் எழுதி, அத்தளங்களை அடைய முடியாமற் செய்தது. நோயாளி மருத்துவரிடம் செல்லும் பாதையையே அடைத்துவிடும் தந்திரம் அது. இதனினும் கொடியது, வங்கியின் பெயருக்கு நேரே கள்வனின் கணினி எண்ணை எழுதிவிடுவது. வங்கியின் விலாசத்தை நாம் ஓர் எழுத்தும் பிழையின்றித் தட்டியிருப்போம். மேலே தோன்றும் பெயரும் சரியாகவே இருக்கும். சென்றடைந்த இடம் மட்டும் வேறாயிருக்கும்.

நச்சு நிரல்கள் தாமாகவே இதனைச் செய்வதுண்டு. இலவசமாகக் கிடைக்கிறதென்று இறக்கிக்கொள்ளும் திருட்டு மென்பொருள்களின் வழியே அவை நுழைகின்றன. "உங்கள் கணினியில் கோளாறு, சரிசெய்து தருகிறோம்" என்று தொலைபேசியில் அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் அதிகாரத்தைக் கேட்டுப் பெறுவோரும் இதனைச் செய்ய இயலும். மொழி புதிதான ஊரில் தனித்திருக்கும் முதியோரிடம், அவர்தம் தாய்மொழியிலேயே இனிக்கப் பேசுபவர் எளிதில் நம்பிக்கை பெற்றுவிடுவர் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இவ்வஞ்சகத்துக்கு எதிரான காவல் ஒன்று உண்டு. வங்கித் தளங்கள் தம்மை அடையாளம் காட்டும் சான்றிதழ் ஒன்றை வைத்துள்ளன. கள்வனின் கணினியிடம் அச்சான்றிதழ் இராது. ஆகவே உலாவி, 'இவ்விணைப்பு பாதுகாப்பானதன்று' என்ற எச்சரிக்கையைக் காட்டும். அவ்வெச்சரிக்கையைக் கண்டபின்னும் மேலே செல்லும் பொத்தானை அழுத்தலாகாது. எச்சரிக்கை வரவில்லை என்பதனாலேயே முழுதும் நம்பிவிடவும் இயலாது. நிர்வாகி அதிகாரம் பெற்ற நச்சு நிரல் பொய்ச் சான்றிதழையும் சேர்த்தே கணினியில் நிறுவிவிடக்கூடும்.

ஐயம் எழுந்தால் செய்யத்தக்கவை

முதலாவது, மேற்கூறியவாறு கோப்பைத் திறந்து கடைசி வரி வரையில் பார்க்க வேண்டும். வெற்று வரிகள் பலவற்றை இடையில் விட்டு, திரைக்குக் கீழே வெகுதூரத்தில் பொய்ப் பதிவை ஒளித்து வைப்பதும் உண்டு.

இரண்டாவது, ஹாஷ் குறியின்றித் தொடங்கும் வரிகளைக் கவனிக்க வேண்டும். நாம் பணம் போட்டிருக்கும் வங்கியின் பெயரோ, நச்சு தடுப்பு நிறுவனத்தின் பெயரோ அதில் இருக்க நியாயமே இல்லை. இருப்பின் அது திருட்டுக்கு அடையாளம் என்றே கொள்ளலாம்.

மூன்றாவது, ஐயத்துக்குரிய வரியை அவசரப்பட்டு அழித்துவிடாமல், கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அவ்வரியின் முன்னே ஹாஷ் குறி இடுவது நன்று. அது வேண்டிய வரியென்று பின்னர் தெரிந்தால் குறியை நீக்கிவிடலாம். மென்பொருள்கள் சில நல்ல நோக்கத்துடனும் பதிவுகள் எழுதுவதுண்டு. அலுவலகம் தந்த கணினியாயின், அங்குள்ள பொறுப்பாளரைக் கேளாமல் எதையும் தொடலாகாது.

நான்காவது, வரியைத் திருத்தியதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. அதை எழுதிய நச்சு நிரல் உள்ளேயே இருப்பின், திருத்தியதை மீண்டும் எழுதிவிடும். நச்சு தடுப்பு மென்பொருளால் கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும். விண்டோஸில் உடன்வரும் 'டிஃபெண்டர்' இக்கோப்பில் நேரும் ஐயத்துக்குரிய மாற்றங்களை எச்சரிக்கும் திறனுடையது.

ஐந்தாவது, அக்கணினியில் தட்டிய கடவுச்சொற்களை, பழுதற்ற வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பணம் போயிருப்பதாகத் தெரிந்தால், பாஸ் புத்தகத்திலோ வங்கி அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணில் வங்கிக்கு உடனே அறிவிக்க வேண்டும். இணையக் குற்றங்களுக்கென இந்திய அரசு ஏற்படுத்தியுள்ள 1930 என்ற தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம். வங்கிக் கிளை தமிழ்நாட்டில் இருக்கிறதே, அங்கே போய்த்தான் புகார் செய்ய வேண்டுமோ என்று தயங்கி நாளைக் கடத்துதல் கூடாது. நாம் எந்த மாநிலத்தில் இருப்பினும் அவ்விடத்திலிருந்தே புகார் செய்யலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாழிகையிலும் பணம் கைமாறி அப்பால் சென்றுகொண்டேயிருக்கும்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத தனிக் கணக்கொன்றைக் கணினியில் அமைத்துக்கொள்வது இவையனைத்திலும் மேலான முன்னெச்சரிக்கை. அக்கணக்கில் அமர்ந்திருக்கும்போது, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேளாமல் எந்த நிரலும் சாதாரணமாக ஹோஸ்ட்ஸ் கோப்பில் கைவைக்க இயலாது. காரணமின்றி அக்கடவுச்சொல்லைக் கேட்கும் திரை தோன்றினால், மறுத்துவிடுவதே அறிவுடைமை.

நான்கு கணினிகளோடு தொடங்கிய ஒரு காலத்தில், ஒருவரையொருவர் நன்கறிந்த சிலர் நம்பிக்கையின்பேரில் எழுதி வைத்துக்கொண்ட பட்டியல் இது. அந்நம்பிக்கைக்கு அன்று யாரும் குந்தகம் விளைவிக்கவில்லை. இன்றோ உலகமே அவ்வட்டத்துக்குள் வந்துவிட்டது. கோப்பு மட்டும் பழைய எளிமையோடு, எழுதியவர் யாராயினும் எழுதியதை நம்பிக்கொண்டிருக்கிறது. இத்திங்களின் விடுமுறை நாளொன்றில், கணினி பயிலும் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, வாசகர்கள் தம் வீட்டுக் கணினியின் இக்கோப்பை ஒருமுறை திறந்து படித்துப் பார்ப்பார்களாக. கால் மணி நேர வேலை. பெரியோர்க்கு அச்சம் தெளியும். பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவும் அமையும்.